ஆற்றோர ஊருக்குத் தடுப்புச் சுவர்: எத்தனை அடி உயரம் என்பது கடைசிக் கேள்வி

கேட்கப்பட்டது இதுதான்: நீலகிரி மாவட்டம் கூடலூர் தாலுகாவில் ஆற்றை ஒட்டிய குடியிருப்பு, சுமார் அறுபது வீடுகள். ஆனி, ஆடியில் மழை பிடித்துக்கொண்டால் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் வந்துவிடும். பிள்ளை குட்டிகளோடு அரசுப் பள்ளியில் போய்த் தங்குகிறார்கள். இப்போது 150 மீட்டர் நீளத்துக்கு கான்கிரீட் தடுப்புச் சுவர் கட்டித் தருவதாகப் பேச்சு நடக்கிறது. இது நிரந்தரத் தீர்வா, எத்தனை அடி உயரம் கேட்க வேண்டும்?

உயரத்தைக் கடைசியில் பேசலாம். மலை ஆற்றில் கட்டிய சுவர்களில் தண்ணீர் மேலே ஏறி வழிந்ததால் விழுந்தவை கொஞ்சம்தான். அடியில் மண் அரித்துப்போய் விழுந்தவை, பின்பக்கம் ஊறிய மண் தள்ளியதால் விழுந்தவை, ஓரமாக ஆறு சுற்றிக்கொண்டு வந்ததால் தனியாக நின்றுபோனவை, இவைதான் அதிகம். பத்தடி சுவர் வேண்டும் என்று மனு எழுதினால் பத்தடி சுவர் கிடைக்கும். தரைக்கு மேலே பத்தடி இருக்கும். தரைக்குக் கீழே இரண்டடிகூட இருக்காது. திறப்பு விழாவுக்கு வருபவர் கண்ணில் அஸ்திவாரம் படாது என்பதால் பணம் எப்போதும் மேலேதான் போகிறது.

அதற்கும் முன்னால், உங்கள் வீட்டுக்குள் வருவது எந்தத் தண்ணீர்? விசித்திரமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் ஆறு கரை தாண்டி வருவது ஒரு வகை. வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் மேட்டிலிருந்து ஓடை வழியாகவும் ரோட்டு வழியாகவும் இறங்கும் தண்ணீர், ஆறு நிறைந்திருப்பதால் கலக்க வழியில்லாமல் தேங்குவது இன்னொரு வகை. கீழே இருக்கும் பாலத்தில் மரமும் மூங்கிலும் சிக்கி, தண்ணீர் எதிர்த்து ஏறி வருவது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே சுவர் மருந்தாகாது. இரண்டாவது வகைக்குச் சுவர் கட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வெள்ளம் வடிந்த மறுநாள் வீட்டுக்குள் என்ன கிடக்கிறது என்று பாருங்கள். பொடிக்கல்லும் மணலும் கிடந்தால் இழுப்போடு ஓடிய தண்ணீர், அதாவது ஆறு கரை தாண்டியிருக்கிறது. வழவழவென்று மெல்லிய சேறு மட்டும் படிந்திருந்தால் தண்ணீர் ஓடாமல் நின்றிருக்கிறது. கீழே ஏதோ அடைத்திருக்கலாம், அல்லது மேட்டுத் தண்ணீர் தேங்கியிருக்கலாம். ஆறு இன்னும் கரைக்குள்ளேயே இருக்கும்போது வீட்டுப் பின்வாசலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பெரியவர்களிடம் கேளுங்கள். எந்தப் பக்கத்து வீட்டில் முதலில் ஏறியது, எந்தப் பக்கம் முதலில் வடிந்தது என்பதையும் கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மதிப்பீடு போட வரும் பொறியாளர் வெயில் காலத்தில் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவார். இந்தத் தகவல் உங்களைத் தவிர வேறு யாரிடமும் இல்லை.

பாலத்தை நான் ஏன் இழுக்கிறேன் என்றால், நம் பகுதியில் குழாய்ப் பாலங்கள் ஏராளம். மூன்று நான்கு சிமெண்ட் குழாய்களைப் போட்டு, மேலே மண் கொட்டி, ஜீப் போகிற மாதிரி செய்துவிடுவார்கள். வேனிலில் அழகாகத் தண்ணீர் போகும். முதல் பெருமழையில் ஒரு மூங்கில் புதர் வந்து குழாய் வாயில் உட்கார்ந்தால் அது பாலம் அல்ல, அணை. தெப்பக்காட்டில் மசினகுடி ரோட்டுத் தரைப்பாலம் மாயாற்றில் மூழ்கிப் போக்குவரத்து நின்ற கதை நீலகிரியில் எல்லோருக்கும் தெரியும். அங்கே மூழ்கியது பாலம் மட்டும். குடியிருப்புக்குக் கீழே அப்படி ஒன்று இருந்தால் மூழ்குவது வீடு. உங்கள் ஊருக்குக் கீழே அரை கிலோமீட்டருக்குள் குழாய்ப் பாலம் இருந்தால், அதை எடுத்துவிட்டு நடுவில் தூண் இல்லாத ஒற்றைக் கண் பாலமாக மாற்றுவதை முதல் கோரிக்கையாக வையுங்கள். 150 மீட்டர் சுவரைவிடச் செலவு குறைவாக வரலாம், சில இடங்களில் பலன் அதிகம்.

நம் பக்கத்து மழையின் குணத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குன்னூர், கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் ஆபத்து. 2009 நவம்பரில் அந்தப் பக்கம் சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி எல்லாம் மேற்கே திறந்த பக்கம், தென்மேற்குப் பருவமழை நேராக வந்து மோதும். 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 82 செ.மீ. பதிவானது. அதே மழைக்காலங்களில்தான் தொரப்பள்ளியை அடுத்த இருவயல் போன்ற ஊர்களில் தண்ணீர் சூழ்ந்து மக்களை முகாமுக்கு அழைத்துப் போன செய்திகள் வருகின்றன. நாம் குடியிருக்கும் இந்தத் தாழ்வான வயல் நிலங்கள் முன்பு நெல் விளைந்த சதுப்பு. ஆறு பெருகினால் பரவி நிற்க இடம் கொடுத்தவை. இன்று பாதி வாழையாகவும் இஞ்சியாகவும் மாறிவிட்டது, மீதியில் மண் நிரப்பி வீடு. முன்பு பத்து ஏக்கரில் முழங்கால் அளவு நின்ற தண்ணீர் இன்று நான்கு ஏக்கரில் நெஞ்சளவு நிற்கிறது. தண்ணீரின் அளவு பெரிதாக மாறவில்லை, அதற்கான இடம்தான் சுருங்கியது.

சரி, கணக்குக்கு வருவோம். பயப்பட வேண்டாம், பள்ளிக்கூடக் கணக்குதான்.

உங்கள் ஊருக்கு மேலே, மழை விழுந்தால் உங்கள் ஆற்றுக்கு வந்து சேரும் பரப்பு 10 சதுர கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 60 மி.மீ. மழை, அதில் பாதி மண்ணில் இறங்கி, பாதி ஓடி வருகிறது. அப்படியானால் ஆற்றில் விநாடிக்கு சுமார் 83 கன மீட்டர் தண்ணீர் வரும். இது ஒரு மணி நேரப் பேய்மழைக்கான கணக்கு. இப்போது அவலாஞ்சியின் 82 செ.மீ.யைப் போட்டுப் பாருங்கள். 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு 34 மி.மீ.தான். ஆனால் மூன்று நாள் மழையில் மண் ஏற்கனவே ஊறிப்போய், விழுவதில் பத்தில் ஒன்பது பங்கு ஓடி வரும் நிலையில், அதுவும் விநாடிக்கு 85 கன மீட்டர் ஆகிறது. அதாவது ஒரு மணி நேர உச்ச வெள்ளம் என்று நாம் பயந்த அதே அளவு, நாள் முழுக்க சராசரியாக ஓடும். அந்த நாளுக்குள் வரும் உச்சம் இதற்கும் மேலே. ஒரு மணி நேரம் தாங்கும் சுவர் வேறு, இருபது மணி நேரம் ஊறிக்கொண்டே தாங்க வேண்டிய சுவர் வேறு.

அந்த 83 கன மீட்டரை 12 மீட்டர் அகல ஆற்றில் விட்டால், விநாடிக்கு மூன்றரை மீட்டர் வேகத்தில் 2 மீட்டர் ஆழம் ஓடும். இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, "கொஞ்சம் இடம் மிச்சம்" என்று ஆற்றை 6 மீட்டராகக் குறுக்கினால் என்ன ஆகும்? ஆழம் 3 மீட்டர் ஆகும், வேகம் நாலரை மீட்டரைத் தாண்டும். ஆழம் ஒரு மீட்டர் கூடியதை உயரம் கூட்டிச் சமாளித்துவிடலாம். வேகம் கூடியதை அப்படிச் சமாளிக்க முடியாது. ஓடும் தண்ணீர் உருட்டக்கூடிய கல்லின் எடை வேகத்தின் ஆறாம் அடுக்காகக் கூடும் என்பது பழைய நீரியல் விதி. வேகம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை 64 மடங்கு. நம் உதாரணத்தில் வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடியதற்கே ஐந்து மடங்குக்கு மேல் கனமான பாறை உருளும். நேற்று வரை ஆற்றில் அசையாமல் கிடந்த பாறை இனி உங்கள் சுவரில் வந்து மோதும்; இல்லையென்றால் சுவருக்கு அடியிலிருந்து கிளம்பிப் போகும்.

ஆகவே என் முதல் விதி: சுவர் எங்கே வேண்டுமானாலும் வரட்டும், ஆற்றின் அகலம் ஒரு அடிகூடக் குறையக் கூடாது. முடிந்தால் நான்கைந்து மீட்டர் பின்வாங்கிக் கட்ட வேண்டும். அந்த இடைவெளியில் புல்லும் மரமும் இருக்கட்டும், மழைக்காலத்தில் ஆறு எடுத்துக்கொள்ளட்டும். ஆற்றோரம் முதல் வரிசையில் இருக்கும் வீடுகளை என்ன செய்வது என்ற கசப்பான கேள்வி இங்கேதான் வருகிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பார்கள். நீங்களே அளக்கலாம். ஊருக்கு மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டி, இரண்டு மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றிலிருந்து ஆற்றுப்படுகை வரை கம்பு வைத்து ஆழம் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வெள்ளக் கறை தெரியும் சுவர்களில் பெயிண்டால் கோடு போட்டு ஆண்டை எழுதுங்கள். வெள்ளம் ஓடும்போது கரையில் பத்திரமான தூரத்தில் நின்று, மிதந்து வரும் கட்டை 20 மீட்டரைக் கடக்க எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் பாருங்கள். 20-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மேல்மட்ட வேகம், அதை 0.85-ஆல் பெருக்கினால் ஆற்றின் சராசரி வேகம் வரும். பாலத் தூணில் அரை அடிக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் ராத்திரியில் டார்ச் அடித்துப் பார்த்து எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று சொல்லிவிடலாம். இரண்டு மழைக்காலம் இப்படி எழுதி வைத்த ஊருக்கும் வெறும் மனுவோடு வரும் ஊருக்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதையே வேறு.

"நிரந்தரம்" என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. கரைகளை வடிவமைக்கும்போது விவசாய நிலத்துக்கு 25 ஆண்டு வெள்ளம், நகரங்களுக்கு 100 ஆண்டு வெள்ளம் என்று எடுப்பது நம் நாட்டு வழக்கம். 25 ஆண்டு வெள்ளம் என்றால் 25 ஆண்டுக்கு ஒரு முறை தவணை வைத்து வருவது இல்லை; ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கு நான்கு வாய்ப்பு. முப்பது ஆண்டுகளுக்குள் அதைத் தாண்டும் வெள்ளம் ஒருமுறையாவது வர 70 சதவீதம் வாய்ப்பு. 100 ஆண்டு வெள்ளத்துக்குக் கட்டினாலும் அதே முப்பது ஆண்டில் 26 சதவீதம். வீட்டுக் கடன் அடைத்து முடிப்பதற்குள் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்பது சின்ன விஷயம் அல்ல. உங்கள் மதிப்பீடு எந்த வெள்ளத்துக்குப் போடப்பட்டது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கணக்கே போடவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இனி அஸ்திவாரம். வளைவில் வெளிப்பக்கக் கரைதான் எப்போதும் அரிக்கும், பெரும்பாலும் வீடுகள் இருப்பதும் அங்கேதான். அந்த இடத்தில் வெள்ள நேரத்தில் படுகை எவ்வளவு பள்ளமாகும் என்பது வடிந்த பிறகு பார்த்தால் தெரியாது. வெள்ளம் வடியும்போதே கல்லும் மணலும் வந்து பள்ளத்தை மூடிவிடும். சும்மா பார்த்தால் படுகை அப்படியே இருப்பது போலத் தோன்றும். பாறை கிடைத்தால் பாறை வரை இறங்கி, கம்பி அடித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். பாறை கிடைக்காத இடத்தில், படுகையின் ஆகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து குறைந்தது ஒன்றரை முதல் இரண்டு மீட்டர், வளைவில் இன்னும் கூடுதலாக அஸ்திவாரம் இறங்க வேண்டும் என்பேன். ஊற்றுத் தண்ணீரால் அவ்வளவு தோண்ட முடியாத இடங்களில், சுவருக்கு முன்னால் படுகையில் பெரிய கற்களைக் கம்பி வலையில் கட்டி விரிப்பாகப் பரப்புவது உண்டு. அடியில் மண் அரிக்க அரிக்க விரிப்பு தானாகச் சரிந்து இறங்கிப் பள்ளத்தை மூடிக்கொள்ளும். எதிர்பார்க்கும் அரிப்பின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு அகலம் இருந்தால்தான் அது வேலை செய்யும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. வேலை ஆரம்பித்ததும் பொக்லைன் இறங்கும், கல் வேண்டும், ஆற்றிலேயே கிடக்கிறதே என்று சுவருக்கு முன்னால் இருக்கும் பாறைகளையே பொறுக்கி எடுத்துக் கட்டிவிடுவார்கள். ஒப்பந்ததாரருக்கு லாரி வாடகை மிச்சம். ஆனால் அந்தப் பெரிய கற்கள்தான் படுகைக்குக் கவசம். அவற்றை எடுத்தால் அடியில் இருக்கும் மணல் திறந்துகொள்ளும், அடுத்த ஆடியில் சுவரின் அடி போய்விடும். ஊர்க்காரர்கள் கூட நின்று தடுக்க வேண்டிய ஒரே காரியம் என்று சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கல் குவாரியிலிருந்து வரட்டும், மதிப்பீட்டிலேயே அப்படி எழுதச் சொல்லுங்கள்.

எதில் கட்டுவது? கான்கிரீட் என்றால் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை, அதிகாரிகளுக்கும் அளந்து பில் போட வசதி. என் அபிப்பிராயம், உங்கள் மாதிரி இடத்துக்கு பெரும்பகுதி கம்பி வலைப் பெட்டிச் சுவர், அதாவது கேபியன், போதும். துத்தநாகமும் பிளாஸ்டிக்கும் பூசிய கம்பியில் முறுக்கிப் பின்னிய பெட்டிக்குள் வலைக் கண்ணைவிடப் பெரிய கருங்கற்களைக் கையால் அடுக்கி நிரப்புவது. அடியில் கொஞ்சம் இறங்கினாலும் வளைந்து கொடுக்கும், உடையாது. பின்பக்கத் தண்ணீர் கற்களுக்கு இடையிலேயே வெளியே வந்துவிடும். உள்ளூர் ஆட்களே கட்டக் கற்றுக்கொள்ளலாம், பழுதும் பார்க்கலாம். குறையும் உண்டு: பாறை உருளும் ஆற்றில் முன்பக்கக் கம்பி தேய்ந்து அறுந்துபோகும். ஒரு பெட்டி கிழிந்தால் கல் கொட்டி மேலே இருப்பது சரியும். ஆகையால் நேரடியாக அடி வாங்கும் வளைவிலும் பாலத்தை ஒட்டிய இடத்திலும் மட்டும் கான்கிரீட், அல்லது கீழ் வரிசைப் பெட்டிகளுக்கு முன்னால் கான்கிரீட் பூச்சு. மற்ற இடத்தில் கேபியன். பெட்டிக்குப் பின்னால் வடிகட்டித் துணி விரிக்க வேண்டும். இல்லாவிட்டால் ஊர் மண் கல் இடுக்கு வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஆற்றுக்குப் போய், இரண்டாம் வருடம் சுவருக்குப் பின்னால் குழி விழும். எந்திரத்தால் கல்லைக் கொட்டி நிரப்பிய பெட்டியை ஒப்புக்கொள்ளாதீர்கள். வெளிப்பக்கம் மட்டும் அழகாக அடுக்கி, உள்ளே ஜல்லியும் மண்ணும் போட்டு மூடும் வேலை நடக்கும்.

கான்கிரீட் கட்டும் இடங்களில் நீர்க்கசிவுத் துளைகளைப் பாருங்கள். ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாவது, மூன்று நான்கு அங்குலக் குழாய், வெளிப்பக்கம் சாய்வாக, பின்னால் ஜல்லி வடிகட்டியோடு. பல சுவர்களில் குழாய் இருக்கும், பின்னால் ஜல்லி இருக்காது. முதல் மழையிலேயே களிமண் அடைத்துவிடும். ஆறு சடாரென்று வடியும், பின்னால் மண் ஊறிக் கனத்து நிற்கும், அப்போதுதான் சுவர் ஆற்றுப் பக்கம் சாயும். வெள்ளம் வந்தபோது நின்ற சுவர் வடிந்த மறுநாள் விழுந்தது எப்படி என்று ஊரே ஆச்சரியப்படும். அதற்குக் காரணம் இதுதான்.

சுவரின் இரண்டு முனைகளும் கரைக்குள் மடங்கி நான்கைந்து மீட்டராவது புதைய வேண்டும், இல்லையென்றால் மேல் முனையில் ஆறு பின்னால் புகுந்துவிடும். அதோடு எதிர்க்கரையை நினைத்துப் பாருங்கள். உங்கள் பக்கம் தடுத்த தண்ணீர் அங்கேதான் போகும். அங்கே எஸ்டேட் லைன் வீடுகளோ வேறு குடியிருப்போ இருந்தால், வேலை தொடங்கும் முன்னாலேயே அவர்களையும் கூட்டத்தில் உட்கார வையுங்கள். சுவர் வந்த பிறகு தொடங்கும் சண்டையை யாராலும் தீர்க்க முடிவதில்லை.

அடுத்தது, சுவருக்கு உள்ளே விழும் மழை. அறுபது வீடுகள் இரண்டு ஹெக்டேரில் இருப்பதாகக் கொண்டால், 60 மி.மீ. மழைக்கு 12 லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் டேங்கர் லாரி நூறு. முன்பு அது ஆற்றுக்கு வடிந்தது, இப்போது சுவர் மறிக்கிறது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் இதில் சேரவில்லை. அதை ஊருக்குள் விடாமல், வீடுகளுக்கு மேலே சரிவுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால் வெட்டி, சுவர் முடியும் இடத்துக்குக் கீழே கொண்டுபோய் ஆற்றில் சேர்க்க வேண்டும். ஊருக்குள் விழுவதற்கு, சுவரில் வடிகால் வெளியேறும் இடத்தில் ஒற்றைப் பக்கம் திறக்கும் மடிப்புக் கதவு வைக்க வேண்டும்: உள்ளிருந்து தள்ளினால் திறக்கும், ஆறு உயர்ந்து வெளியிலிருந்து தள்ளினால் மூடிக்கொள்ளும். ஒரு பிளாஸ்டிக் சாக்கு சிக்கினால் போதும், கதவு மூடாது, ஆறு அந்த வழியாகவே உள்ளே வரும். மழைக்காலத்தில் அதைத் தினம் பார்க்க ஓர் ஆள் வேண்டும், ஆறு பல மணி நேரம் உயர்ந்தே இருந்தால் இறைக்க டீசல் பம்பும் வேண்டும். மதிப்பீட்டில் இந்த வாய்க்கால், கதவு, பம்பு மூன்றும் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

யானை விஷயத்தைச் சமவெளிப் பொறியாளர்கள் மறந்துவிடுவார்கள். முதுமலையை ஒட்டிய ஆறுகளில் யானை தண்ணீர் குடிக்கவும் கடக்கவும் இறங்கும். 150 மீட்டருக்குச் செங்குத்தாக மூன்று மீட்டர் சுவர் நின்றால், கடந்து வந்த யானை ஏற வழி தெரியாமல் சுவரோரமாகவே நடந்து, முனை வந்ததும் நேராக ஊருக்குள் ஏறும். குட்டி உள்ளே மாட்டிக்கொண்டால் அந்த இரவு ஊர் தூங்காது. வழக்கமான யானைத் தடம் எங்கே என்று வனத்துறைக் காவலர்களிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டு, அந்த இடத்தைச் சரிவாகக் கல் பாவிய இறக்கமாக விட்டுவிடுங்கள். சுவரில் திறப்பு விட்டால் தண்ணீர் வராதா என்பீர்கள். சரிவின் மேல்முனை சுவரின் உச்சி மட்டத்துக்கு ஏறி அப்புறம் உள்ளே இறங்கினால் வராது. இடம் கொஞ்சம் அதிகம் பிடிக்கும், அவ்வளவுதான்.

வெட்டிவேர் நடலாமா என்று அடுத்து கேட்பார்கள். நடலாம், நல்லது. மேட்டுச் சரிவில் மண்ணைப் பிடிக்கும். ஆனால் பாறை உருளும் ஆற்றின் அடியை அது காக்காது. சுவருக்கும் ஆற்றுக்கும் நடுவில் விட்ட இடத்தில் நீர்மருது, புங்கன், தாழை போன்ற ஆற்றோர மரங்கள்தான் சரி. சில்வர் ஓக் வேண்டாம். மேலே ஓடைகளில் தடுப்பணை கட்டினால் வெள்ளம் குறையும் என்பது பாதி உண்மை. ஜூன் கடைசியிலேயே நிறைந்துவிட்ட தடுப்பணை ஆகஸ்ட் வெள்ளத்தில் ஒரு சொட்டையும் பிடித்து வைக்காது. கல்லையும் மணலையும் தடுத்து நிறுத்தும், அதற்காகக் கட்டலாம். ஆனால் அதைத் தூர் வாராமல் விட்டால் சில ஆண்டுகளில் மேடாகிவிடும். அதைவிட ஊருக்கு மேலே மிச்சமிருக்கும் சதுப்பு வயலை மண் போட்டு மூடவிடாமல் காப்பது பல மடங்கு லாபம். அதற்கு டெண்டரும் கிடையாது, கமிஷனும் கிடையாது என்பதால் யாரும் அதைத் திட்டமாகப் பேசுவதில்லை.

இப்போது அந்தக் கசப்பான பகுதி. எந்தச் சுவராலும் தடுக்க முடியாத ஒன்று இருக்கிறது: மேலே மலை சரிந்து, பாறையும் மரமும் சேறுமாக ஆற்று வழியே இறங்கி வருவது. 1993 நவம்பரில் குன்னூர் மலைப்பாதையில் மரப்பாலத்தில் நடந்த மண்சரிவை மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2024 ஜூலை 30-ஆம் தேதி அதிகாலை, நம் பந்தலூருக்குப் பக்கத்து மாவட்டமான வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலை போனது. சரிவு சுமார் 8 கிலோமீட்டர் தூரம் ஆற்று வழியே ஓடி வந்தது, 200-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. அங்கே பத்தடி சுவர் இருந்திருந்தால் அதுவும் சேர்ந்து உருண்டிருக்கும். ஆகவே உங்கள் ஆற்றின் மேல்பகுதியில் பழைய சரிவுத் தழும்போ, விரிசலோ, புதிதாக வெட்டிய ரோடோ இருக்கிறதா என்று புவியியல் துறையைக் கொண்டு பார்க்கச் சொல்லிக் கேட்பது சுவரைவிட அவசரமான மனு.

பதில் மோசமாக இருந்தாலோ, ஆற்றுக்கு அகலம் விட இடமே இல்லாவிட்டாலோ, முதல் வரிசை வீடுகளை மாற்றித்தான் ஆக வேண்டும். அறுபது வீட்டையும் அல்ல. பெரும்பாலான ஊர்களில் பத்துப் பதினைந்து வீடுகள்தான் உண்மையிலேயே ஆற்றின் வழியில் நிற்கும். அவர்களுக்கு அதே ஊரின் மேட்டுப் பகுதியில், பிள்ளைகளின் பள்ளியும் வேலைக்குப் போகும் எஸ்டேட்டும் மாறாத தூரத்தில் இடம் கிடைத்தால் போவார்கள். எங்கோ இருபது கிலோமீட்டர் தள்ளிக் கொடுத்தால் சாவியை வாங்கிக்கொண்டு மழை நின்றதும் திரும்பி வந்துவிடுவார்கள், அதில் அவர்கள் தப்பு ஒன்றும் இல்லை. ஆதிவாசிக் குடும்பங்கள் என்றால் கிராம சபையில் அவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும்.

நிலம் யாருடையது என்பதில் கூடலூருக்கு மட்டும் உள்ள தலைவலி ஒன்று உண்டு. ஜென்மம் என்ற பழைய நிலவுடைமை முறையை ஒழிக்க வந்த 1969 ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் முடிவாகாமல் கிடக்கும் நிலமாக இருந்தால் எந்தத் துறையும் அங்கே நிரந்தரக் கட்டுமானத்துக்குக் கை வைக்கத் தயங்கும். எனவே மதிப்பீட்டுக்கு முன்னாலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படம் வாங்கி, சுவர் வரும் இடம் ஆற்றுப் புறம்போக்கா, பிரிவு 17-ஆ, வனமா என்று பாருங்கள். வனம் என்றால் அனுமதிக்கே நாள் ஆகும். நீலகிரியில் பொக்லைன் இறக்குவதற்கும் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். பணத்துக்கு ஊராட்சி ஒன்றிய நிதியை மட்டும் நம்பாதீர்கள், அதில் துண்டு துண்டாக 30 மீட்டர் 40 மீட்டர் என்று கட்டுவார்கள். பாதி கட்டிய சுவர் முடியும் இடத்தில்தான் ஆறு உடைக்கும். 15-ஆவது நிதிக்குழு பரிந்துரைப்படி மாநிலப் பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கு, அழிவு வந்த பின் நிவாரணத்துக்கு அல்லாமல், வருமுன் தடுக்கும் பணிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் மனு கொடுக்கும்போது "பேரிடர் தணிப்பு நிதியில் எடுத்துக்கொள்ளவும்" என்று எழுதுங்கள். நீங்கள் அளந்த நோட்டின் நகலையும் வெள்ளக் கோட்டின் படங்களையும் இணையுங்கள்.

உயரம் கேட்டீர்களே. ஊரில் தெரிந்த ஆக உயர்ந்த வெள்ளக் கோடு, சுவரால் கூடக்கூடிய மட்டம், அதற்கு மேல் ஒரு மீட்டர். பல இடங்களில் இது எட்டு ஒன்பது அடியில் முடிந்துவிடும். அதற்கும் மேலே போனால் ஆற்றைக் குறுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். எவ்வளவு கட்டினாலும் அதற்கு மேல் ஒரு நாள் வரும் என்பதால், ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும் சுவரை அரை அடி தாழ்த்தி, வழிந்தால் அங்கே வழிந்து விளையாட்டுத் திடலுக்கோ காலி நிலத்துக்கோ போகும்படி விடச் சொல்லுங்கள். எங்கே உடையும் என்று தெரியாமல் இருப்பதைவிட எங்கே வழியும் என்று தெரிந்திருப்பது நல்லது.

சுவர் வந்த பிறகும் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். கொட்டும் மழையில் ஆறு திடீரென்று வற்றினாலோ, தண்ணீர் சட்டென்று கெட்டிச் சேறாகிப் பச்சை மரம் வேரோடு மிதந்து வந்தாலோ, மேலே எங்கோ சரிவு ஆற்றை மறித்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் உடைத்துக்கொண்டு வரும். யாருடைய அறிவிப்புக்கும் காத்திருக்காமல் ஆற்றைவிட்டு விலகி மேட்டுக்கு ஏறுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077-ல் சொல்வதை ஏறிக்கொண்டே செய்யலாம்.

கடைசியாக நாள் கணக்கு. கூடலூரில் ஆற்றுக்குள் இறங்கி அஸ்திவாரம் போட ஜனவரி முதல் ஏப்ரல் வரைதான் நேரம். மே கோடை மழையே குழியை நிரப்பிவிடும். டெண்டர் மார்ச்சைத் தாண்டித்தான் முடியும் என்று தெரிந்தால், இந்த ஆண்டு பாலத்தையும் மேட்டு வாய்க்காலையும் மட்டும் செய்யச் சொல்லுங்கள். சுவரை அடுத்த ஜனவரிக்குத் தள்ளச் சொல்லுங்கள். நிதி திரும்பிப் போய்விடும் என்று அவசரப்படுத்துவார்கள். கரையைத் தோண்டிப் போட்டு, பாதி அஸ்திவாரத்தோடு ஜூன் மாதத்துக்குள் நுழைந்த ஊர், சுவரே கேட்காத ஊரைவிட மோசமாக நனையும். பணி உத்தரவில் அஸ்திவாரம் முடிய வேண்டிய தேதி தனியாக எழுதப்பட வேண்டும். மூடுவதற்கு முன் ஊர்ப் பிரதிநிதி இருவர் இறங்கி ஆழத்தை டேப் வைத்து அளந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற வரியும் அதில் இருக்க வேண்டும்.